லாரி கன்னிங்ஹாம் என்ற மாட்ரிட்காரர்

2023-இல் ஜூட் பெல்லிங்ஹாம் ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே ஆடிய ஆங்கிலேயர்கள் யார் யார் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். பெக்காம் இருந்தார். மைக்கேல் ஓவன் இருந்தார். இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளோடு ஊர் திரும்பிய மெக்மனமன் இருந்தார். ஜோனதன் உட்கேட்கூட இருந்தார். காயத்தால் ஒரு வருஷம் சும்மாவே கிடந்து, ஒருவழியாக இறங்கிய முதல் மேட்சிலேயே சேம்சைடு கோல் போட்டு, சிவப்பு அட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே போன அதே மகானுபாவர்தான். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1979-லேயே அந்த வெள்ளைச் சட்டையைப் போட்ட லாரி கன்னிங்ஹாமுக்குப் பல பட்டியல்களில் கிடைத்தது ஒரே ஒரு வரி. சிலவற்றில் அதுவும் இல்லை.

எங்கள் கால்பந்து வாட்ஸப் குழுவில் இதைப் பற்றிப் புலம்பினேன். ஒரு நண்பர் உடனே பதில் போட்டார்: “அட, அந்த டிஸ்கோ ஆளா? திறமை இருந்துச்சு, கூத்தடிச்சே தொலைச்சுட்டான்.” அதோடு அவர் வேலை முடிந்தது. எனக்குத்தான் தூக்கம் போனது. வாட்ஸப்பில் மூன்று வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே வந்துவிட்டேன்.

கன்னிங்ஹாமைப் பற்றிச் சொல்பவர்கள் வழக்கமாக இரண்டே கதைகள்தான் சொல்வார்கள். ஒன்று, நிறவெறியை எதிர்த்து நின்ற முன்னோடி. இன்னொன்று, பாழாய்ப்போன மேதை. முதல் கதை உண்மை. இரண்டாவது பாதி உண்மை. இரண்டு கதைகளுக்கும் நடுவில் ஆட்டக்காரர் காணாமல் போய்விடுகிறார் என்பதுதான் என் வருத்தம்.

அவர் 1956-இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். சிறுவனாக ஆர்சனலில் இருந்தார். அவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். 1974-இல் கிழக்கு லண்டனில், அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த ஓரியன்ட் அணி எடுத்துக்கொண்டது. பயிற்சிக்குத் தாமதமாக வருவார், அபராதம் விழும், சனி ராத்திரி நடனப் போட்டியில் ஜெயித்த பணத்தைக் கொண்டுவந்து அபராதத்தைக் கட்டுவார் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். ஆனால் அவர் நல்ல நடனக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆடும்போது பார்த்தாலே தெரியும். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தடுப்பாட்டக்காரரை நோக்கிப் போகும்போது அவருடைய இடுப்பு ஒரு பக்கம் போகும், பந்து இன்னொரு பக்கம் போகும். எதிராளி இடுப்பைப் பார்த்து ஏமாறுவார்.

1977 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அவரை 1,10,000 பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த மாதமே 21 வயதுக்கு உட்பட்டோர் இங்கிலாந்து அணியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடினார், கோலும் அடித்தார். கொஞ்ச நாளில் ஹேய்ஸ் என்ற சிறு அணியிலிருந்து சிரில் ரெஜிஸ் வந்தார். 1978 தொடக்கத்தில் ரான் அட்கின்சன் மேலாளராகி, பிரெண்டன் பாட்சனையும் கூட்டிவந்தார். ஒரே அணியில் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள். இன்றைக்கு இது ஒரு செய்தியே இல்லை. அன்றைக்கு மைதானத்துக்கு வெளியே நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சியின் ஆட்கள் துண்டுப் பிரசுரம் விநியோகித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குரங்குச் சத்தம், வாழைப்பழ வீச்சு. ‘த்ரீ டிகிரீஸ்’ என்ற அமெரிக்கப் பாடகிகள் குழுவின் பெயரை அட்கின்சன் இந்த மூவருக்கும் சூட்டி, பாடகிகளையே மைதானத்துக்கு வரவழைத்துப் படமும் எடுக்க வைத்தார். விளம்பர மூளை! இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. மூன்று பேரும் மூன்று விதமான ஆட்டக்காரர்கள். நிறத்தை வைத்து ஒரே கட்டாகக் கட்டிப் பெயர் வைத்தாயிற்று.

1978 டிசம்பர் 30-ஆம் தேதி ஓல்டு ட்ராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைட்டெடை ஆல்பியன் 5-3 என்று வென்ற ஆட்டம் யூடியூபில் கிடைக்கும். கன்னிங்ஹாம் பந்தைத் தொடும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடுவது கேட்கும். வர்ணனையாளர் ஜெரால்டு சின்ஸ்டாட் அதைப் பற்றி ஒளிபரப்பிலேயே முகம் சுளித்துப் பேசுவார். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. கன்னிங்ஹாம் என்ன செய்தார் தெரியுமா? ஓடினார். ஊளைச் சத்தத்துக்கு நடுவிலேயே இடது பக்கம் ஓட்டமாக ஓடி, மோத வந்தவர்களைத் தாண்டி, கோல்களுக்கு வழி செய்தார், ஒரு கோலை அவரே போட்டார். பனியில் ஓடினால்கூட இவர் கால்தடம் பதியாது என்று அட்கின்சன் சொல்வாராம். அந்தக் காலத்து இங்கிலாந்து மைதானங்கள் டிசம்பரில் உழுத வயல் மாதிரி கிடக்கும். அதில் இந்த மனிதர் மட்டும் மிதந்துகொண்டு போனார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் யூஃபா கோப்பையில் வாலென்சியாவோடு ஆட ஸ்பெயின் போயிருந்தார்கள். அந்த வருஷம்தான் உலகக் கோப்பையை ஜெயித்திருந்த மாரியோ கெம்பெஸ் எதிரணியில். 1-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் எல்லோர் கண்ணும் கெம்பெஸ்மேல் இருக்க வேண்டியது. ஸ்பெயின்காரர்கள் கன்னிங்ஹாமைப் பார்த்துவிட்டார்கள். 1979 கோடையில் ரியல் மாட்ரிட் 9,50,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் ட்ரெவர் ஃபிரான்சிஸ் பத்து லட்சம் பவுண்டு பேசப்பட்ட முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஆகியிருந்தார். அதற்கு ஐம்பதாயிரம்தான் குறைவு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில ஆட்டக்காரர்கள் வெளிநாட்டில் ஆடுவது அப்போது அபூர்வம். ஜிம்மி கிரீவ்ஸ் 1961-இல் மிலானுக்குப் போய், கோல் மழை பொழிந்தும் மனம் ஒட்டாமல் சில மாதங்களில் ஓடி வந்துவிட்டார். கெவின் கீகன் 1977-இல் ஹாம்பர்க் போய், ஜெர்மன் கற்றுக்கொண்டு, 1978, 1979 இரண்டு வருஷமும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். வெளியே போனால் கீகன் மாதிரி ஜெயிக்கலாம், கிரீவ்ஸ் மாதிரித் திரும்பலாம் என்று இரண்டே வழி இருப்பதாக ஆங்கிலப் பத்திரிகைகள் நினைத்தன. கன்னிங்ஹாம் இரண்டிலும் அடங்கவில்லை. அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாட்ரிட்டில் முதல் சீசன் அற்புதம். லீக்கின் முதல் ஆட்டத்திலேயே, வேறு யாருக்கு எதிராக, வாலென்சியாவுக்கு எதிராகத்தான், இரண்டு கோல். பயிற்சியாளர் வூயடின் போஷ்கோவ். கூட ஆடியவர்கள் ஹுவானிட்டோ, சான்டில்லானா, ஸ்டீலிகே, பிற்காலத்தில் ஸ்பெயினுக்கே உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த தெல் போஸ்கே. அந்த லீக்கும் லேசுப்பட்டது இல்லை. ரியல் சொசியெதாத் 32 ஆட்டம் தோற்காமல் வந்து, கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் செவியாவிடம் சறுக்கியது. மாட்ரிட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. ஸ்பானியக் கோப்பையும் அவர்களுக்கே. இறுதிப் போட்டியில் எதிரணி யார் என்றால், ரியல் மாட்ரிட்டின் சொந்த இரண்டாம் அணியான காஸ்டில்லா! 6-1. சின்னப் பையன்களை வீட்டுப் பெரியவர்கள் அடித்த அடி. அடுத்த வருஷம் அந்தப் பையன்கள் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டிக்குப் போய், வெஸ்ட் ஹாமை முதல் ஆட்டத்தில் தோற்கடித்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

நான் சொல்ல வந்தது 1980 பிப்ரவரி 10-ஆம் தேதி நடந்ததை. கேம்ப் நௌ, பார்சிலோனா. மாட்ரிட் 2-0 என்று ஜெயித்தது. கன்னிங்ஹாம் கோல் அடிக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை ஸ்பெயினில் இன்றும் அவர் பெயரில்தான் நினைவுகூர்கிறார்கள். எதிரியின் கோட்டையில், எதிரியின் ரசிகர்கள் அவருக்குக் கைதட்டினார்கள். மாட்ரிட் சட்டைக்குக் கேம்ப் நௌவில் கைதட்டு விழுவது எவ்வளவு அபூர்வம் என்று கால்பந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபிகோ பார்சாவை விட்டு மாட்ரிட்டுக்குப் போனபிறகு அதே மைதானத்தில் அவர்மேல் பன்றித் தலையைத்தான் எறிந்தார்கள்.

மங்கிப்போன காணொலித் துண்டுகளில் அந்தக் கன்னிங்ஹாமைப் பாருங்கள். குறிப்பாக அவர் கார்னர் அடிப்பதை. வலது காலால் ஆடுபவர் வலது மூலையிலிருந்து வழக்கம்போல உள்பாதத்தால் அடித்தால், பந்து கோலை விட்டு விலகி வெளியே வளையும். கோல்கீப்பர் நிம்மதியாக நிற்கலாம். பந்து கோலை நோக்கி உள்ளே வளைய வேண்டுமென்றால் இடதுகால்காரர் ஒருவரை அந்த மூலைக்கு அனுப்புவார்கள். கன்னிங்ஹாம் யாரையும் அனுப்பவில்லை. அதே வலது காலின் வெளிப்பக்கத்தால், சுண்டுவிரல் இருக்கும் பக்கத்தால், பந்தைச் சீவிவிடுவார். பெரிய ஓட்டமெல்லாம் கிடையாது. ஓரிரு அடி, அவ்வளவுதான். பந்து எழும்பி, திரும்பி, கோலை நோக்கி உள்ளே வரும். காலின் வெளிப்பக்கத்தால் அடித்தால் சாதாரணமாக வேகம் வராது, உயரமும் வராது. இவருக்கு இரண்டும் வந்தது. பயிற்சி மைதானத்தில் வேடிக்கைக்காகச் செய்து பார்க்கிற வித்தை அது. இவர் அதை லட்சம் பேர் பார்க்க, ஸ்பெயினின் மிகப் பெரிய ஆட்டத்தில், ஏதோ வழக்கமான வேலை மாதிரி செய்துகொண்டிருந்தார்.

கன்னிங்ஹாமைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொள்ள அனுமதித்தால் நான் அந்தக் கார்னரைத்தான் சொல்வேன்.

அந்த சீசனில் ஒரு கசப்பும் உண்டு. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் கீகனின் ஹாம்பர்க். மாட்ரிட்டில் 2-0 என்று வென்றுவிட்டு, ஜெர்மனியில் போய் 5-1 என்று உதை வாங்கினார்கள். மாட்ரிட்டின் அந்த ஒரு கோலை அடித்தவர் கன்னிங்ஹாம். வெளிநாடு போன இரண்டு ஆங்கிலேயர்கள், எதிரெதிர் அணியில். இறுதிப் போட்டி அந்த வருஷம் நடந்தது மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயுவில் என்பதால் வலி இன்னும் அதிகம்.

அடுத்தது கால்விரல். 1980 நவம்பரில் பெட்டிஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு மிதி, விரல் உடைந்தது. அறுவை சிகிச்சை. கட்டுப்போட்ட காலோடு மாட்ரிட்டின் ஒரு டிஸ்கோவில் அவர் இருந்தது பத்திரிகையில் வந்தது. கிளப் பத்து லட்சம் பெசேட்டா அபராதம் போட்டது. என் நண்பர் சொன்ன ‘டிஸ்கோ ஆள்’ பிறந்தது அன்றைக்குத்தான்.

போயிருக்கக் கூடாது, சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிஸ்கோவுக்குப் போனதாலா கால் உடைந்தது? உடைந்தபிறகுதானே போனார்? காயத்துக்குக் காரணம் மிதித்த கால், அதற்குப்பின் பயிற்சியில் போன முழங்கால். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, ‘கூத்தடித்ததால் வீழ்ந்தார்’ என்று எழுதுவது சுலபமாக இருந்தது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் எந்தக் காலில் எந்த பாரில் விழுந்து கிடந்தார்கள் என்று ஆங்கிலக் கால்பந்தில் ஒரு நூலகமே இருக்கிறது. அவர்களை ‘வாழத் தெரிந்தவர்கள்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். ஜார்ஜ் பெஸ்ட்டைச் சொல்லும்போது குரலில் ஒரு புன்னகை இருக்கும். இவருக்கு அது கிடைக்கவில்லை.

1981 மே மாதம் பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, எதிரே லிவர்பூல். பல மாதங்கள் ஆடாமல் இருந்தவரை போஷ்கோவ் துணிந்து இறக்கினார். சூதாட்டம்தான். பலிக்கவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாதபோது ஆலன் கென்னடி கோல் போட்டார், 1-0. அடுத்த சீசன் பெரும்பாலும் காயத்திலேயே போனது. 1982-இல் கைசர்ஸ்லாட்டர்னில் 5-0 என்று மாட்ரிட் நொறுங்கிய ராத்திரி, வெளியேற்றப்பட்ட மூன்று மாட்ரிட் ஆட்டக்காரர்களில் இவரும் ஒருவர்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. அன்றைய ஸ்பெயினில் ஒரு அணிக்கு இரண்டே வெளிநாட்டவர்தான். ஸ்டீலிகே ஒரு இடத்தைப் பிடித்திருந்தார். 1982-இல் நெதர்லாந்தின் ஜான் மெட்கோட் வந்தார். முழங்கால் சரியாகாத கன்னிங்ஹாமுக்கு இடமே இல்லை; நன்றாக ஆடினாலும் இல்லை. இன்றைய மாட்ரிட்டின் பட்டியலை எடுத்து அதில் இரண்டு வெளிநாட்டவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழித்துப் பாருங்கள், புரியும்.

இங்கிலாந்து தேசிய அணி? மொத்தம் 6 ஆட்டம். 1979 மேயில் வேல்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம், 1980-இல் எல்லாம் முடிந்தது. வெளிநாட்டுக்குப் போனவரைக் கண்மறைவு ஆனதும் மறந்துபோகிற வழக்கம் ஒரு பக்கம், காயம் ஒரு பக்கம். ஸ்பானிய லீக்கை ஜெயித்த ஒரு விங்கருக்கு ஆறே ஆட்டம் என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

பிறகு நாடோடி வாழ்க்கை. இதை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. கிகோன், மார்சேய், லெஸ்டர், ராயோ வால்யெகானோ, பெல்ஜியத்தில் ஷார்லெருவா என்று சுற்றினார். இதற்கெல்லாம் முன்னால், 1983-இல் அட்கின்சன் அவரைக் கொஞ்ச நாள் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு இரவல் வாங்கினார். எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆட வாய்ப்பு வந்தபோது, ‘நான் முழுத் தகுதியோடு இல்லை’ என்று தானே விலகிக்கொண்டார். வெம்ப்ளி இறுதிப் போட்டி! பாதிக் காலோடுகூட ஆடியிருப்பார்கள் மற்றவர்கள். பொறுப்பில்லாதவர் என்று பெயர் வாங்கிய ஆள் செய்த காரியமா இது? நண்பரிடம் கேட்டேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

வெம்ப்ளி அவருக்கு வேறு வழியில் வந்தது. 1988-இல் சில மாதங்கள் விம்பிள்டனில் ஆடினார். நீளப் பந்தும் முழங்கையுமாக ஆடுவார்கள் என்று பெயரெடுத்த அணி. கன்னிங்ஹாமுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். எதிரே அதே லிவர்பூல். இந்த முறை 1-0 இவர்கள் பக்கம். பாரிஸில் வெள்ளைச் சட்டையில் தோற்ற கணக்கு ஏழு வருஷம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு சட்டையில் நேரானது.

ஆனால் அங்கே தங்கவில்லை, மாட்ரிட்டுக்கே திரும்பினார். இதைத்தான் நான் நண்பருக்குச் சொல்ல விரும்பினேன். ரியல் அவரைக் கைவிட்டாலும் அவர் அந்த ஊரைக் கைவிடவில்லை. ஸ்பானிய மொழி பேசினார், ஸ்பானியப் பெண்ணை மணந்தார், மகன் பிறந்தான். கீகன் மூன்று வருஷத்தில் ஊர் திரும்பினார். கிரீவ்ஸ் மூன்று மாதம் கழித்தே மூட்டை கட்டத் தொடங்கினார். இவர் எத்தனை அணி மாறினாலும் ஸ்பெயினுக்கே திரும்பித் திரும்பி வந்தார். வால்யெகாஸ் மாட்ரிட்டின் தென்கிழக்கில் உழைப்பாளிகள் வாழும் பகுதி. அந்தப் பகுதியின் அணி ராயோ. பெர்னபேயுவின் பளபளப்புக்கு நேர் எதிர். 1988-89 சீசனில் ராயோ முதல் டிவிஷனுக்கு ஏறியது, அணியில் கன்னிங்ஹாம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினின் பெரிய அணிக்கு வந்தவர், கடைசியில் அதே ஊரின் சின்ன அணியை மேலே ஏற்றிவிட்டார். இதைத் தோல்வி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

சில வாரங்களில், 1989 ஜூலை 15-ஆம் தேதி விடிகாலை, மாட்ரிட்டுக்கு வெளியே கார் விபத்தில் இறந்தார். வயது 33.

இப்போது சிலைகள் வந்துவிட்டன. 2017-இல் லேட்டனில், ஓரியன்ட் மைதானத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒன்று. 2019-இல் வெஸ்ட் பிராம்விச்சில் மூவருக்கும் சேர்த்து ஒன்று. நல்ல விஷயம், தாமதமான விஷயம். என்ன, இரண்டும் இங்கிலாந்தில். வால்யெகாஸில் ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. கையைத் தூக்கிக் கொண்டாடுகிற மாதிரி வேண்டாம். கார்னர் கொடி பக்கத்தில், வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். சிற்பிக்குக் கணுக்கால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

அவர் இறந்த அதே ஜூலையில்தான் கிறிஸ் வாடில் டாட்டனமிலிருந்து மார்சேய்க்குப் போனார், 45 லட்சம் பவுண்டுக்கு. தோளைக் குறுக்கிக்கொண்டு, தூக்கம் கலையாதவர் மாதிரி நடந்து வந்து, தொடர்ந்து மூன்று பிரெஞ்சு லீக் பட்டங்களை வென்றவர். அடுத்த பதிவு அவரைப் பற்றி. வாட்ஸப் நண்பர் அதற்கும் ஏதாவது ஒரு வரி வைத்திருப்பார், இப்போதே சொல்லிவிட்டால் எனக்கு எழுதச் சௌகரியம்.